இரண்டு பேர் தங்கும் அறை

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் லங்காவிக்குப் போகிறேன். தனியாக. இரண்டு இரவு தங்கிவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பினாங்கில் இருப்பவர்களுக்கு லங்காவி ஒரு பெரிய பயணமே இல்லை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய், வரியில்லாத சாக்லேட்டும் சட்டி பானையும் வாங்கிக்கொண்டு வரும் இடம். ஆனால் இந்த இரண்டு நாளுக்காக நான் கைப்பேசியில் போட்டுவைத்த ஒரு பட்டியல் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை.

பட்டியல் சாதாரணமானதுதான். கோலா கெடா ஜெட்டியிலிருந்து பெரி, ஒன்றே முக்கால் மணி நேரம். தங்கும் இடத்தில் மதுக்கூடம் இருக்கக்கூடாது, கூரையில் கிப்லா அம்புக்குறி இருக்கவேண்டும், கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கவேண்டும். கடலில் இறங்கப் புர்க்கினி. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் ஞாயிறு அங்கே வேலை நாள். அன்று காலையில் கடற்கரை காலியாக இருக்கும், அப்போது நீந்தலாம். பயணி என்பதால் தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். சாப்பாட்டுக்கு மட்டும் பதினொரு கடைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு: சான்றிதழ் உண்டு, சான்றிதழ் இல்லை ஆனால் முஸ்லிம் முதலாளி, சந்தேகம். பட்டியலின் கடைசி வரி இது: ‘அம்மாகிட்ட என்ன சொல்றது?’

மற்ற எல்லா வரிகளுக்கும் நேராக ஒரு சரிக்குறி விழுந்துவிட்டது. கடைசி வரிக்கு விழவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அங்கே போய்ச் சேர, சாப்பாட்டிலிருந்து தொடங்கவேண்டும்.

நம் நாட்டில் ‘ஹலால்’ என்ற சொல்லைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் பலகையில் எழுதிவிட முடியாது. 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஆணைகள், அந்தச் சான்றிதழைத் தரும் அதிகாரத்தை ஜாக்கிமுக்கும் மாநிலச் சமய மன்றங்களுக்கும் மட்டுமே கொடுத்திருக்கின்றன. சான்றிதழ் வாங்காத கடைகள் அதனால் வேறு ஒரு மொழியைக் கண்டுபிடித்தன. ‘நோ போர்க், நோ லார்ட்’ என்ற பலகையைப் பார்க்காத மலேசியர் யாரும் இருக்க முடியாது. பிறகு ‘முஸ்லிம் ஃப்ரெண்ட்லி’ வந்தது. தங்குமிடம், சுற்றுலா வழிகாட்டி, பயண ஏற்பாடு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எம்எஸ் 2610 என்று ஒரு தர ஆவணமே 2015இல் வந்துவிட்டது. ஹலாலுக்கு நண்பன் என்பது ஒரு விசித்திரமான சொல். நண்பன் நான் ஆகமாட்டான், ஆனால் எனக்குத் தொந்தரவும் தரமாட்டான். அந்த அளவுக்குத்தான் அது வாக்குறுதி தருகிறது.

இந்தத் தேடலை நான் கேலி செய்யவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒரு தோழி புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். மதிய உணவு நேரத்தில் அவள் ஒவ்வொரு கடையிலும் நின்று, “சம்பல்ல நெத்திலி இருக்கா? பெலாச்சான் போட்டீங்களா?” என்று கேட்பாள். கடைக்காரர் “கொஞ்சோண்டுதான்” என்பார். அவள் திரும்பி வந்துவிடுவாள். தைப்பூச விரதம் இருக்கிறவர்களுக்கும் இது தெரியும். வாய்க்குள் எது போகவேண்டும் என்று ஒருவர் கட்டுப்பாடு வைத்துக்கொள்வதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. உலகம் கையில் கொடுப்பதையெல்லாம் நான் விழுங்கமாட்டேன் என்று ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்லிப் பார்ப்பது சின்ன விஷயம் கிடையாது.

ஆனால் சான்றிதழ் எதைப் பார்க்கிறது? மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, எப்படி அறுக்கப்பட்டது, எந்தப் பாத்திரத்தில் சமைக்கப்பட்டது, எதோடு சேர்த்து அடுக்கப்பட்டது, எந்த வண்டியில் வந்தது. இவை பார்க்கக்கூடியவை, எழுதி வைக்கக்கூடியவை. தட்டு கழுவுகிற வங்காளதேசத்துப் பையனுக்கு இந்த மாதச் சம்பளம் வந்ததா என்பது அந்தத் தாளில் இருக்காது. மேசையில் உட்கார்ந்து நான் யாரைப் பற்றிப் புறம் பேசினேன் என்பதும் இருக்காது. குர்ஆன் ‘ஹலால்’ என்ற சொல்லோடு ‘தய்யிப்’ என்ற இன்னொரு சொல்லையும் சேர்த்துச் சொல்கிறது. நல்லது, தூய்மையானது என்று பொருள். முதல் சொல்லுக்கு முத்திரை அடிக்கலாம். இரண்டாவது சொல்லைச் சாப்பிடுகிறவர்தான் சோதித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அதோடு, சந்தேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஹலாலுக்கும் ஹராமுக்கும் நடுவே தெளிவில்லாத விஷயங்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து ஒதுங்குகிறவர் தன் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்ற கருத்தில் ஒரு நபிமொழி இருக்கிறது. மதரசாவில் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அதே ஹதீஸ் தொகுப்பில் ஆயிஷா நாயகி வழியாக வந்த இன்னொரு செய்தியும் இருக்கிறது. சிலர் நபியிடம் வந்து, புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் எங்களுக்கு இறைச்சி கொண்டுவருகிறார்கள், அறுக்கும்போது இறைவன் பெயரைச் சொன்னார்களா இல்லையா என்று தெரியவில்லை என்றார்கள். நீங்கள் இறைவன் பெயரைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள் என்பதுதான் பதிலின் சாரம். போய் விசாரித்து வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கொண்டுவந்து கொடுத்த மனிதரை நம்பு, உன் பங்கை நீ செய் என்கிறார். பதினொரு கடைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த எனக்கு இந்தச் செய்தி ஒரு சின்ன அறை மாதிரி இருந்தது. என் பட்டியலில் சந்தேகம் என்று குறித்த கடைகளில் இரண்டு, உள்ளூர் மக்சிக் வீட்டு வாசலில் வைத்திருக்கும் நாசி லெமாக் மேசைகள். அந்த அம்மாவை நான் எதற்காகச் சந்தேகப்பட்டேன்? தாள் இல்லை என்பதற்காக.

லங்காவியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1987இலிருந்து அந்தத் தீவு வரி விலக்குப் பகுதி. மலேசியாவின் மற்ற இடங்களைவிட மது அங்கே மலிவு. சேனாங் கடற்கரையில் பிகினிக்காரர்களும் தலைமுதல் கால்வரை மூடிய குடும்பங்களும் ஒரே மணலில் உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் பீர் அடுக்கிய கடையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பாங்குச் சத்தம் கேட்கும். தீவின் பெரும்பான்மை மலாய் முஸ்லிம்கள்தான். ஹலால் உணவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அப்படியென்றால் நான் எதிலிருந்து பாதுகாப்புத் தேடுகிறேன்? பக்கத்து மேசைக்காரர் குடிப்பது என் குடலுக்குள் போகப்போவதில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள் என்ற கட்டளை பார்க்கிறவருக்கு இடப்பட்டது, கடற்கரைக்கு இடப்படவில்லை. மதுக்கூடம் இல்லாத விடுதியைத் தேடியதில் கொஞ்சம் பக்தி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாராவது தெரிந்தவர் பார்த்தால் ‘அந்த மாதிரி’ இடத்தில் நிற்கக்கூடாது என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது. சரிக்குறி போட்டுக்கொண்டே போனபோது இந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை.

இப்போது கடைசி வரி.

போன மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன்.

“அம்மா, அடுத்த மாசம் ரெண்டு நாளு லங்காவிக்குப் போறேன்.”

“யாரு கூட?”

நான் சோற்றைப் பிசைந்தபடி சொன்னேன். “ரெண்டு பேரு தங்குற ரூமுதாம்மா போட்டிருக்கேன்.”

“ஆபீஸ்ல உள்ளவளா? சரி, சரி. பாத்துப் போயிட்டு வாங்க.”

நான் பொய் சொல்லவில்லை. நான் பதிவுசெய்த அறை இரண்டு பேர் தங்கும் அறைதான். அந்த விடுதியில் ஒருவருக்கான அறையே கிடையாது. ஆபீஸில் உள்ளவளா என்று அம்மா கேட்டபோது நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை; தண்ணீர் குடித்தேன். என் வாக்கியத்தை எந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் அதில் பொய் என்ற பொருள் ஒரு துளிகூட இல்லை என்று சான்று கிடைக்கும். நோ போர்க், நோ லார்ட். ஆனால் அம்மாவின் மனதுக்குள் போய்ச் சேர்ந்தது முழுப் பொய். அம்மா சொன்ன ‘வாங்க’வில் இருந்த அந்த ‘ங்க’, இல்லாத ஒருத்திக்காகச் சேர்த்தது. என்னை அம்மா ‘வா’ என்றுதான் சொல்வார். அந்த ‘ங்க’வைக் கேட்டபோது சோறு இறங்கவில்லை.

இதற்கும் மார்க்க நூல்களில் இடம் இருக்கிறது. நேரடிப் பொய்யைத் தவிர்க்க, இரண்டு பொருள் தரும் பேச்சைப் பேசுவது பற்றி அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி பொய்யைப் பற்றிப் பேசும்போது, பேச்சு என்பது ஒரு நோக்கத்தை அடையும் வழி என்கிறார். நல்ல நோக்கத்தை உண்மையாலும் அடையலாம் பொய்யாலும் அடையலாம் என்றால் அங்கே பொய் ஹராம். உண்மையால் அடையவே முடியாது என்றால்தான் கதவு கொஞ்சம் திறக்கிறது. ஒளிந்திருக்கும் ஒருவரைக் கொல்லத் தேடிவருகிறவனிடம் அவர் இருக்குமிடத்தைச் சொல்லவேண்டியதில்லை. இரு பொருள் பேச்சும் தேவையிருந்தால்தான் பொருந்தும் என்கிறார். என் வீட்டில் யாரும் யாரையும் கொல்லத் தேடவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மா கோபப்பட்டிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அந்த இரண்டு நாள் அசௌகரியத்தைத் தவிர்க்க நான் கஸ்ஸாலியைத் துணைக்கு அழைத்தால் அவரே சிரிப்பார்.

கூட்டுப்பொருள்களைப் படித்துப் படித்துப் பழகிய ஒரு மனம், தன் பேச்சையும் கூட்டுப்பொருள்களாகவே பார்க்கத் தொடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தடைசெய்யப்பட்ட பொருள் இல்லையென்றால் பதார்த்தம் சுத்தம். உணவுக்கு இது போதுமான அளவுகோல்தான். பேச்சு அப்படி இல்லை. பேச்சு கேட்பவரிடம் போய்த்தான் முழுமையாகிறது. என்னுடைய ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்து, அது அம்மாவிடம் பொய்யாகப் போய்ச் சேரவேண்டும் என்று நான் விரும்பியிருந்தால், நான் செய்தது பொய்தான்.

‘அப்போது உண்மையைச் சொல்லவேண்டியதுதானே?’ என்று உடனே சொல்லிவிடலாம். அதற்குமுன் நான் ஏன் மறைத்தேன் என்பதைப் பார்க்கவேண்டும். எனக்கு வயது முப்பத்தொன்று. திருமணம் ஆகவில்லை. அத்தா இறந்து ஆறு வருடமாகிறது, தம்பி சிங்கப்பூரில் வேலை. ஒரு பெண் மஹ்ரமான ஆண் துணை இல்லாமல் தூரப் பயணம் போகலாமா என்பது எங்கள் வீடுகளில் பழைய கேள்வி. ஷாபி மத்ஹப் நூல்களில் கடமையான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களோடு போகலாம் என்று உண்டு. பொழுதுபோக்குப் பயணத்துக்கு அந்தச் சலுகையை நீட்ட முன்னோர்களில் பலர் தயங்கினார்கள். வழி பாதுகாப்பாக இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள், ஹீராவிலிருந்து ஒரு பெண் இறைவனைத் தவிர யாருக்கும் அஞ்சாமல் பயணம் செய்து வந்து கஅபாவைச் சுற்றும் காலம் வரும் என்று நபி சொன்ன செய்தியை எடுத்துக்காட்டுகிறார்கள். 2021இல் சவூதி அரசே ஹஜ்ஜுக்குப் பதியும் பெண்களுக்கு மஹ்ரம் கட்டாயம் என்ற விதியை விலக்கியது.

இதில் எனக்கு வசதியான பதிலை நான் பொறுக்குகிறேனா? இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு கேள்விக்கு ஐந்து பதில்கள் கிடைக்கும் காலத்தில், பிடித்ததை எடுத்துக்கொள்வது சாவ்ராஸ்தா சந்தையில் மீன் வாங்குகிற மாதிரி ஆகிவிடும். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். இதே வகை வாதத்தை எனக்குப் பாதகமான விஷயத்தில் வேறொருவர் சொன்னால் ஒத்துக்கொள்வேனா? ‘இந்த விதிக்குக் காரணம் பாதுகாப்பு, அந்தக் காரணம் இல்லாத இடத்தில் விதி தளரும்’ என்பது என் வாதம். அப்படியென்றால் ஆபத்து உண்மையாகவே இருக்கும் இடத்தில், எனக்கு ஆசை இருந்தாலும் நான் போகக்கூடாது. அதை ஏற்றுக்கொள்கிறேன். தனியாக இரவுப் படகு வேண்டாம், ஆள் இல்லாத நீர்வீழ்ச்சிப் பாதை வேண்டாம் என்று என் பட்டியலிலேயே எழுதியிருக்கிறேன். ஆகவே என் பயணம் எனக்கு ஆகுமானது என்று நம்புகிறேன். வேறு முடிவுக்கு வருகிற ஒரு சகோதரியை நான் பிற்போக்கு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் பாருங்கள், நான் பயந்தது மார்க்கத் தீர்ப்புக்கு இல்லை. அது உண்மையென்றால் நான் அம்மாவிடம் இந்த வாதங்களையெல்லாம் சொல்லியிருப்பேன். நான் பயந்தது பெரியம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் வருகிற பெரியம்மா, “எங்க புள்ளயக் காணோம்?” என்று கேட்பார். அங்கிருந்து அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். முப்பத்தொரு வயசுக் குமரு, கல்யாணம் வேணாங்குறா, லங்காவியில தனியா ரூமு. இந்த மூன்று சொற்றொடர்களை அடுத்தடுத்து வைத்தால் போதும். நான்காவதை எல்லாரும் தாங்களாகவே போட்டுக்கொள்வார்கள்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கன் ஒரு கதை சொல்வான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. கல்லை உள்பக்கம் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அவன் அரசியை மயக்கி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். பிடிபடமாட்டோம் என்றால் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள் என்பது கிளாக்கன் வைக்கும் வாதம். கல்லூரியில் இதைப் படித்தபோது, இது ஆண்களுக்கான கேள்வி என்று எனக்குத் தோன்றியது. எங்களுக்கு யாரும் அந்த மோதிரத்தைத் தந்ததில்லை. எப்போதும் பார்க்கப்படுகிற ஒருத்தி எதைக் கற்றுக்கொள்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் அவள் கற்றுக்கொள்வது பொட்டலம் கட்டுவதை. எதை எந்தத் தாளில் சுற்றினால் கேள்வி வராது என்று அவளுக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிடும்.

இஸ்லாத்தில் இஹ்ஸான் என்று ஒரு நிலை சொல்கிறார்கள். நீ இறைவனைப் பார்ப்பதுபோல் வணங்கு. நீ பார்க்காவிட்டாலும் அவன் உன்னைப் பார்க்கிறான். எங்கள் நன்னி இதற்கு ஒரு கதை சொல்வார். கலீபா உமர் காலத்தில் ஒரு தாய் தன் மகளிடம் பாலில் தண்ணீர் கலக்கச் சொல்கிறாள். உமர் தடுத்திருக்கிறாரே என்கிறாள் மகள். உமர் இங்கே பார்க்கவா போகிறார் என்கிறாள் தாய். உமர் பார்க்காவிட்டால் என்ன, உமருடைய இறைவன் பார்க்கிறானே என்கிறாள் மகள். நன்னி இதை இறைபயத்துக்கான கதையாகத்தான் சொன்னார். போன மாதம் அது எனக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்தது. அந்தப் பெண் தன் அம்மாவிடம் முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கலக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இறைவன் பார்க்கிறான் என்று உண்மையாக நம்புகிறவளுக்கு மனிதர்களிடம் மறைக்க அவ்வளவு இருக்காதோ என்னவோ. பெரியம்மாவுக்குப் பயந்து பொட்டலம் கட்டிய நான், பார்க்கிறவன் இடத்தில் பெரியம்மாவைத்தான் உட்கார வைத்திருந்தேன்.

லங்காவிக்குப் போகிறவர்கள் மஹ்சூரியின் அடக்கத்தலத்துக்குப் போகாமல் திரும்பமாட்டார்கள். சின்ன வயதில் அத்தாவோடு நானும் போயிருக்கிறேன். மாவாட் கிராமத்தில் வெள்ளைப் பளிங்குச் சமாதி. கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மஹ்சூரியின் கணவன் போருக்குப் போய்விடுகிறான். வீட்டில் தனியாக இருக்கும் மஹ்சூரி, டெராமாங் என்ற ஊர்சுற்றிக் கதைசொல்லிக்கு இடம் கொடுக்கிறாள். ஊர்த் தலைவரின் மனைவிக்கு அவள்மேல் பொறாமை. சோரம் போனாள் என்று பேச்சு கிளம்புகிறது. மரத்தில் கட்டிக் கிறீஸ் கத்தியால் குத்துகிறார்கள். வெள்ளை இரத்தம் வருகிறது. ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு உருப்படாது என்று சாபமிட்டுவிட்டு அவள் சாகிறாள். 1819இல் நடந்தது என்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1821இல் சயாம் படை கெடாவைத் தாக்கியது உண்மை வரலாறு. பாடாங் மாட்சிராட்டில் அரிசியை எரித்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

அந்த வழக்கில் என்னை உறுத்துவது ஒரு விஷயம். அந்த ஊர் முஸ்லிம் ஊர். கற்புள்ள பெண்மேல் பழி சொல்கிறவர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவரவேண்டும், கொண்டுவராவிட்டால் பழி சொன்னவருக்குத்தான் தண்டனை என்பது குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் இருக்கும் சட்டம். பிறரைத் துருவித் துருவி ஆராயாதீர்கள், அதிகமாகச் சந்தேகப்படாதீர்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் இருக்கிறது. இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த வசனங்கள். ஒரு கோழியை யார் அறுத்தார் என்று கேட்க அந்த ஊருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சை யார் பார்த்தார் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. உணவில் நாம் காட்டும் ஐயத்தில் பாதியை வதந்தியிடம் காட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுவதும் அதே ஹுஜுராத் அத்தியாயம்தான். அந்த மாமிசத்துக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அது நாள்தோறும் பரிமாறப்படுகிறது. நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆகவே என் பொய்க்கு ஊரும் ஒரு கூட்டாளி என்று சொல்லலாம். சந்தேகப்படுகிற ஊர் மறைக்கிற மனிதர்களை உற்பத்தி செய்கிறது. மறைக்கிற மனிதர்களைப் பார்த்து ஊர் இன்னும் சந்தேகப்படுகிறது. இந்தச் சங்கிலியில் என் கையில் இருப்பது ஒரு கண்ணிதான். அந்தக் கண்ணியை என்ன செய்வது என்பது மட்டும் என் பொறுப்பு.

போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, லங்காவிக்கு நான் மட்டுந்தான் போறேன். கூட யாரும் வரல.”

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. “அன்னைக்கு ரெண்டு பேரு ரூமுன்னு சொன்ன?”

“ரூமு ரெண்டு பேருக்குத்தான். போறது நான் ஒருத்தி.”

கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. தனியாகப் போவது சரியா தப்பா என்று அம்மா கேட்பார், நான் ஹீரா ஹதீஸைச் சொல்லலாம் என்று தயாராக நின்றேன். அம்மா அதைக் கேட்கவே இல்லை.

“இத ஏன் எங்கிட்ட சொன்ன? எனக்குத் தெரியாமயே இருந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். இப்ப வெள்ளிக்கெழம உங்க பெரியம்மா வந்து கேட்டா, நான்ல பொய் சொல்லணும்?”

எனக்குப் பதில் வரவில்லை. இவ்வளவு நாள் யோசித்ததில் இந்த ஒன்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. உண்மையைச் சொல்லி என் கணக்கை நேர் செய்துகொள்வதிலேயே குறியாக இருந்தேன். அதை இறக்கி வைத்த இடம் அம்மாவின் மடி. என் மனசாட்சி இலேசானது, அம்மாவுடையது கனமானது. உண்மை சொல்வது எப்போதும் தூய்மையான காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் ஒரு விலை இருக்கிறது, சில சமயம் அந்த விலையைக் கேட்டவர் கட்டவேண்டியிருக்கிறது. மறைத்தபோது நான் அம்மாவை ஏமாற்றினேன். சொன்னபோது ஊருக்கும் எனக்கும் நடுவில் அவரைத் தனியாக நிறுத்திவிட்டேன்.

அதனால் மறைத்தே இருந்திருக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. சொன்னதோடு என் வேலை முடிந்துவிடவில்லை என்றுதான் சொல்கிறேன். அன்று ராத்திரி பெரியம்மாவுக்கு நானே போன் செய்தேன். வெள்ளிக்கிழமை இருக்கமாட்டேன், லங்காவிக்குத் தனியாகப் போகிறேன், அம்மா சம்மதித்து அனுப்பவில்லை, நானாகத்தான் போகிறேன், கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள் என்றேன். அந்தப் பக்கம் நீண்ட மௌனம். பிறகு, “காலம் கெட்டுக் கெடக்கு. ஒங்க அத்தா இருந்தா இப்புடி விடுவாரா?” என்றார். தெரியாது பெரியம்மா என்றேன். அது உண்மையான பதில்தான். அத்தா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. போனை வைத்தபோது கை நடுங்கியது. குழுவில் இதுவரை ஒன்றும் வரவில்லை. வரலாம்.

பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மதுக்கூடம் இல்லாத விடுதியை மாற்றவில்லை. எனக்கு உண்மையிலேயே அது பிடித்திருக்கிறது. கிப்லா அம்புக்குறியும் இருக்கட்டும். மக்சிக்கின் நாசி லெமாக் மேசைகளுக்குப் பக்கத்தில் இருந்த ‘சந்தேகம்’ என்ற சொல்லை அழித்தேன். மஹ்சூரி சமாதியைச் சேர்த்தேன், ஞாயிறு காலை நீந்தியபின். கடைசி வரிக்கு இன்னும் சரிக்குறி போடவில்லை. அது சரிக்குறி போட்டு முடிக்கிற விஷயமில்லை போலிருக்கிறது.

அம்மா இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. நேற்று என் பையில் ஒரு போத்தல் நெத்திலிச் சம்பல் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். அங்கே கண்ட இடத்தில் சாப்பிடாதே என்றார். அங்கே எல்லாம் ஹலால்தாம்மா என்றேன். தெரியும், எடுத்துட்டுப் போ என்றார். பிறகு அடுப்பைத் துடைத்தபடியே சொன்னார்.

“பாத்துப் போயிட்டு வா.”